உரிமை யார் கையில்? அறிவுசார் சொத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

நீங்கள் ஒருவருக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறீர்கள். போய்ச் சேர்ந்ததும் அந்தத் தாள் அவருடையது. அவர் அதைக் கிழிக்கலாம், பெட்டியில் வைத்துப் பூட்டலாம், பழைய கடிதம் சேகரிப்பவருக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் அதில் இருக்கும் வரிகளை ஒரு புத்தகத்தில் அச்சிட வேண்டுமென்றால் உங்களைத்தான் கேட்க வேண்டும். தாள் அவருக்கு, வரிகள் உங்களுக்கு. ஓவியமும் இப்படித்தான். துணியும் மரச்சட்டமும் வாங்கியவர் வீட்டுச் சுவரில் தொங்கும். அதை வாழ்த்து அட்டையாக அச்சடிக்கும் உரிமை, வேறு ஏற்பாடு இல்லாதவரை, வரைந்தவரிடமே இருக்கும்.

அறிவுசார் சொத்துரிமைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த வாசற்படியில்தான். "காசு கொடுத்துவிட்டேன், அதனால் என்னுடையது" என்று சிலர் நம்புகிறார்கள். "நான்தானே செய்தேன், எனக்குத்தான்" என்று வேறு சிலர். இரண்டும் சில நேரம் சரி, பல நேரம் தவறு. எது எப்போது சரி என்று பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் போவோம்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் "காப்புரிமை" என்ற சொல்லைச் சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் பேடன்ட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரே பத்திரிகையில் இரண்டு பக்கங்களில் இரண்டு பொருளில் வருவதும் உண்டு. இந்தக் கட்டுரையில் காப்பிரைட் என்றால் பதிப்புரிமை, பேடன்ட் என்றால் காப்புரிமை. நீங்கள் ஒரு தமிழ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது "காப்புரிமை" என்று மட்டும் இருந்தால், எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படி 1: கையில் இருப்பதைப் பிரித்துப் பாருங்கள்

நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, மொழி கற்றுத்தரும் ஒரு செயலியை உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே பொருள். சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு மூட்டை.

நிரல், பாடங்கள், படங்கள், இசை எல்லாம் பதிப்புரிமைக்குள் வரும். பாடத்தை வாசித்துப் பதிவு செய்த குரல் கலைஞருக்கு, எழுதியவரின் உரிமையிலிருந்து வேறான, நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனியாக ஒன்று. செயலியின் பெயரும் சின்னமும் வணிகச்சின்னம். உச்சரிப்பைக் கணித்துத் திருத்தும் புதிய தொழில்நுட்ப முறை ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அது காப்புரிமைக்கு ஏற்றதா என்று பார்க்கலாம். மென்பொருள் விஷயத்தில் நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும் என்பதால், இதில் அவசரப்பட்டு நம்பிக்கை வைக்க வேண்டாம். திரையில் தெரியும் பட உருக்களின் தோற்றம் பல நாடுகளில் வடிவமைப்பு உரிமையாகப் பதிவாகும். எந்தப் பயனர் எந்த இடத்தில் படிப்பை விட்டுவிடுகிறார் என்று நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கணக்கு, வெளியே சொல்லாதவரை, வணிக ரகசியம்.

இன்னும் சில வகைகள் உண்டு. புதிய பயிர் ரகத்தை உருவாக்கியவருக்கான உரிமை, மின்சுற்றுச் சில்லுகளின் அமைப்புக்கான உரிமை, ஒரு பகுதியின் பெயரோடு சேர்ந்த பொருள்களுக்கான புவிசார் குறியீடு. அந்தத் துறைகளில் இருப்பவர்களுக்கு அவை முக்கியம்; மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்த மூட்டையில் எங்கும் வராத ஒன்று வெறும் யோசனை. "விளையாட்டு மாதிரி மொழி கற்றுக்கொடுக்கலாம்" என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸ் 9-வது பிரிவில் இதைச் சொல்லிவிட்டது: பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான், யோசனைக்கும் செய்முறைக்கும் கணிதக் கருத்துக்கும் கிடையாது. "என் ஐடியாவைத் திருடிவிட்டார்கள்" என்று வருகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு வரியிலேயே வழக்கு முடிந்துவிடும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? ஒவ்வொரு துண்டுக்கும் முதல் உரிமையாளர் வேறு ஆளாக இருக்கலாம். அது கைக்கு வரும் வழியும் வேறு. ஒரு தாளை எடுத்து மேலே சொன்ன ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் "யார் செய்தது, எந்தத் தேதியில்" என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகள் எல்லாம் இந்தத் தாளை வைத்துத்தான்.

படி 2: உரிமையாளராக யாரால் முடியும்?

மனிதர் யாராலும் முடியும். வயது தடையில்லை, பத்து வயதுக் குழந்தை வரைந்த படத்தின் பதிப்புரிமை அந்தக் குழந்தைக்குத்தான், பள்ளிக்கோ பெற்றோருக்கோ அல்ல. அந்தப் படத்தை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுக்கும்போது மட்டும் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டிவரும். வெளிநாட்டவர் என்பதும் தடையில்லை. காப்புரிமை, வணிகச்சின்னம் போன்றவற்றுக்காக 1883-ல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையும் பதிப்புரிமைக்கான 1886-ன் பெர்ன் உடன்படிக்கையும், உறுப்பு நாடுகள் தம் குடிமக்களுக்குத் தருவதை மற்ற உறுப்பு நாட்டவருக்கும் தர வேண்டும் என்ற அடித்தளத்தில் நிற்கின்றன. படைத்தவர் இறந்தாலும் உரிமை உடனே இறப்பதில்லை, வாரிசுகளுக்குப் போகிறது. பெர்ன் உடன்படிக்கை பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சக் காலம் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். இந்தியாவில் அது 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70.

கம்பெனி, அறக்கட்டளை, பல்கலைக்கழகம் போன்ற சட்டப்படியான அமைப்புகளும் உரிமையாளராக இருக்கலாம். ஆனால் அவை கண்டுபிடிப்பாளராக இருக்க முடியாது. காப்புரிமை விண்ணப்பத்தில் "கண்டுபிடிப்பாளர்" என்ற கட்டத்தில் மனிதர் பெயர்தான் வர வேண்டும். "விண்ணப்பதாரர்" என்ற கட்டத்தில் கம்பெனி வரலாம். இரண்டு கட்டங்களையும் குழப்பி, கண்டுபிடித்தவர் பெயரை விட்டுவிட்டு முதலாளி பெயரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நாடுகளில் அதுவே காப்புரிமையைக் கவிழ்க்கப் போதும்.

இங்கே செயலி நண்பர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி பதிவாவதற்கு ஆறு மாதம் முன்பே நிரல் எழுதத் தொடங்கிவிட்டீர்கள். அப்போது கம்பெனி என்ற ஒன்றே இல்லை. இல்லாத ஒன்று எதற்கும் உரிமையாளர் ஆக முடியாது. அந்த ஆறு மாத வேலை தனித்தனி நண்பர்களிடம்தான் கிடக்கும், கம்பெனி தொடங்கிய பிறகு எழுதிக் கொடுக்கும்வரை.

அரசு? நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புகளுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. பிரிட்டனில் அரச பதிப்புரிமை என்று ஒன்று இருக்கிறது. புவிசார் குறியீடு தனி ஆளுக்குச் சொந்தமாகும் விஷயமல்ல. ஷாம்பெய்ன் என்ற மதுவின் பெயரை பிரான்சின் அந்தப் பகுதியில் விதிப்படி தயாரிக்கிறவர்கள் எல்லாரும் பயன்படுத்தலாம், வெளியே ஒருவர் அந்த முறையையே அச்சாகப் பின்பற்றினாலும் பெரும்பாலான நாடுகளில் பயன்படுத்த முடியாது.

விலங்கும் இயந்திரமும்? சிரிக்க வேண்டாம், இரண்டும் நீதிமன்றம் வரை போயின. இந்தோனேசியாவில் ஒரு குரங்கு புகைப்படக்காரரின் கேமராவைப் பிடித்துத் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் 2011-ல் உலகம் முழுக்கப் பரவியது. குரங்குக்கே பதிப்புரிமை என்று ஒரு விலங்குநல அமைப்பு அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் விலங்கு வழக்காட முடியாது என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவை கண்டுபிடிப்பாளராகக் காட்டி, அதை உருவாக்கிய ஸ்டீபன் தேலர் பல நாடுகளில் விண்ணப்பித்தார். கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் 2021-ல் காப்புரிமை கொடுத்தது. இயந்திரம் தானாக உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2025-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமோ, மனிதப் படைப்பாளி இல்லாமல் கணினி உருவாக்கியதற்கு, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே படைப்பாளி என்கிறது. ஆகவே செயலியில் செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் இருந்தால், உங்கள் தாளில் அவற்றுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போடுங்கள். மனிதர் கைப்பட மாற்றியது எவ்வளவு என்பதையும் குறித்து வையுங்கள்.

படி 3: முதல் உரிமை யாருக்குப் போகிறது?

இதுதான் முழுக் கட்டுரையின் கனமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

தொடக்க விதி எளிது: படைத்தவருக்கு, அல்லது கண்டுபிடித்தவருக்கு. மற்றதெல்லாம் இதிலிருந்து விலகும் வழிகள்.

முதல் விலகல், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். பிரிட்டன், இந்தியா, அமெரிக்கா போன்ற நாடுகளில், ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதியதற்குப் பொதுவாக முதலாளியே முதல் உரிமையாளர். "பணியின் பகுதியாக" என்பதுதான் இங்கே அச்சாணி. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் இரவில் வீட்டில் எழுதும் நாவல் முதலாளிக்குப் போகாது. ஆனால் மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுபவர் இரவில் வீட்டில் எழுதும் நிரல்? அங்கேதான் தகராறு. வேலை நியமனக் கடிதத்தில் "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். செயலி நண்பர்களில் ஒருவர் பகலில் வேறு இடத்தில் வேலை பார்க்கிறார் என்றால், அவர் எழுதிய பகுதி உங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்பே வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம்.

ஜெர்மனி வேறு வழியில் யோசிக்கிறது. அங்கே பதிப்புரிமை படைத்த மனிதரோடு ஒட்டியது. உயிரோடு இருக்கும்வரை அதை விற்க முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் கொடுக்க முடியும். ஊழியரின் கண்டுபிடிப்பை முதலாளி எடுத்துக்கொண்டால் நியாயமான தொகை தர வேண்டும் என்று 1957-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

ஜப்பானில் இதே கேள்வி பெரிய வழக்கானது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய ஷுஜி நகமுராவுக்கு அவர் வேலை பார்த்த நிசியா நிறுவனம் அந்தக் காப்புரிமைக்குக் கொடுத்தது 20,000 யென். அவர் வழக்குப் போட்டார். 2004-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-ல் அதே வேலைக்காக அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்புறம் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, முன்கூட்டியே விதி வகுத்திருந்தால் தொடக்கத்திலிருந்தே உரிமை முதலாளிக்குப் போகலாம் என்றாக்கியது. நிறுவனங்களுக்கு அது நிம்மதி. கண்டுபிடிக்கிறவர்களுக்கு அப்படித்தானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டாவது விலகல் என்று பலர் நினைப்பது உண்மையில் விலகலே இல்லை: வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்வித்த வேலை. சின்னம் வரைந்த ஃப்ரீலான்சர், இணையதளம் கட்டியவர், இசை போட்டவர் யாரும் உங்கள் ஊழியர் அல்லர். ஆகவே விதி திரும்பத் தொடக்கத்துக்கே போகிறது: செய்தவருக்கே உரிமை. ரசீதும் வங்கிக் கணக்கில் போன பணமும் உங்களுக்குப் பயன்படுத்தும் அனுமதியைத் தரலாம்; உரிமையைத் தருவதில்லை. அமெரிக்காவில் ஒரு சிற்பியிடம் சிலை செய்யச் சொன்ன தொண்டு அமைப்பு இதே நம்பிக்கையில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சிற்பி ஊழியர் அல்ல, ஆகவே ஊழியர் விதி பொருந்தாது என்று 1989-ல் தீர்ப்பு வந்தது.

விதிவிலக்குகள் உண்டு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், உருவப்படம், திரைப்படம் போன்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சிங்கப்பூரிலும் இதைப் போன்ற விதி இருந்தது. 2021 நவம்பரில் புதிய சட்டம் வந்தபின் அங்கே படைத்தவரே முதல் உரிமையாளர். ஒரே படம், ஒரே ஆட்கள், கடல் தாண்டினால் உரிமையாளர் மாறிவிடுகிறார்.

மூன்றாவது, கூட்டு வேலை. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் பாதிப் பாதி என்று மனம் சொல்லும். சட்டம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. அமெரிக்காவில் கூட்டுக் காப்புரிமையில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமலேயே அதைப் பயன்படுத்தலாம், மற்றவர்களுக்கு உரிமமும் (பயன்படுத்தும் அனுமதி) கொடுக்கலாம், வருமானத்தில் பங்கு தர வேண்டியதும் இல்லை. பிரிட்டனிலும் இந்தியாவிலும் தானே பயன்படுத்தலாம், ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் வெளியாளுக்கு உரிமம் கொடுக்க முடியாது. சண்டை வருவதற்கு முன், சேர்ந்து தேநீர் குடிக்கும் நாளிலேயே, யாருக்கு எவ்வளவு, யார் முடிவெடுப்பது, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். செயலியின் பாதிப் பெயர் ஒருவர் சொன்னது, மீதிப் பெயர் இன்னொருவர் சொன்னது என்பதெல்லாம் கூட்டுரிமை ஆகாது. சொந்தமாகப் படைப்புப் பங்களிப்பு இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வேட்டின் பதிப்புரிமை பொதுவாக மாணவருக்கே. ஆனால் ஆய்வகத்தில் செய்த கண்டுபிடிப்பு பற்றிப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைப் படிவத்திலோ உதவித்தொகை ஒப்பந்தத்திலோ வேறு மாதிரி எழுதி வைத்திருக்கும். பதினெட்டு வயதில் படிக்காமல் போட்ட கையெழுத்து இருபத்தைந்து வயதில் வந்து நிற்கும்.

படி 4: உரிமை கைக்கு வரும் நான்கு வழிகள்

தானாக வருவது, பதிவால் வருவது, பயன்பாட்டால் வருவது, மறைத்து வைப்பதால் நிலைப்பது. எந்தத் துண்டுக்கு எந்த வழி என்று தெரிந்தால் வீண் செலவு குறையும், கோட்டை விடுவதும் குறையும்.

பதிப்புரிமை தானாக வருவது. எழுதிய கணத்தில், வரைந்த கணத்தில் வந்துவிடும். எந்தச் சடங்கும் தேவையில்லை என்பதை பெர்ன் உடன்படிக்கையின் 5-வது பிரிவு சொல்கிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து C போடும் அந்தக் குறிகூடக் (©) கட்டாயமில்லை. ஆனால் உரிமை இருப்பது வேறு, நிரூபிப்பது வேறு. அமெரிக்காவில் அந்த நாட்டுப் படைப்புக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். கையெழுத்துப் பிரதியை உறையில் போட்டுத் தனக்கே தபாலில் அனுப்பிவைத்தால் போதும் என்று ஒரு பழைய நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பதிவுக்கு ஈடாகாது. தேதியோடு கூடிய வரைவுகள், நிரலின் மாற்ற வரலாறு, மின்னஞ்சல்கள் இவைதான் பயன்படும்.

காப்புரிமை பதிவால் மட்டுமே வரும். இங்கே மூன்று சோதனைகள்: புதியதா, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா. புதியது என்றால் உலகில் எங்கும் வெளியாகாதது, உங்களாலேயே வெளியாகாததும்கூட! புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதுதான். கருத்தரங்கில் பேசிவிட்டு, வீடியோ போட்டுவிட்டு, முதலீட்டாளரிடம் ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் விளக்கிவிட்டு, அப்புறம் விண்ணப்பிக்கப் போகிறார்கள். நீங்களே வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்காவும் ஜப்பானும் 12 மாதச் சலுகைக் காலம் தருகின்றன. ஐரோப்பாவில் அப்படிப் பொதுச் சலுகை இல்லை. நீங்கள் போட்ட வீடியோவே உங்கள் விண்ணப்பத்தைத் தோற்கடிக்கும். வரிசை இதுதான்: முதலில் ஏற்கெனவே இருக்கும் காப்புரிமைகளைத் தேடுங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள், அதற்குப் பிறகு பேசுங்கள்.

யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதல்ல, யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதே இப்போது உலகெங்கும் விதி. கடைசியாக நின்ற அமெரிக்காவும் 2013 மார்ச்சில் மாறிவிட்டது. வழக்கமாக விண்ணப்பித்து 18 மாதத்தில் விவரம் வெளியாகும். பரிசோதகர் கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள், எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் கோரிக்கைகளைச் சுருக்குவீர்கள். இதில் சில ஆண்டுகள் போகும். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே வந்தால். கிடைப்பது மற்றவர்களைத் தடுக்கும் உரிமைதான். நீங்கள் அந்தப் பொருளைச் செய்யலாம் என்ற அனுமதி அல்ல. உங்கள் கண்டுபிடிப்பு இன்னொருவர் காப்புரிமையின் மேல் ஏறி நின்றால், அவரிடமும் போய் உரிமம் வாங்க வேண்டும். கோரிக்கைகளை எழுதுவதை மட்டும் அனுபவமுள்ள காப்புரிமை முகவரிடம் விடுங்கள். செலவு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

வடிவமைப்புக்கும் இதே எச்சரிக்கை: வெளியே காட்டுவதற்கு முன் பதிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவில்லாத வடிவமைப்புக்கு 3 ஆண்டு பாதுகாப்பு உண்டு, அது நகல் செய்வதைத் தடுக்க மட்டும்.

வணிகச்சின்னம் இரண்டு வழியிலும் வரும். பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் சந்தையில் பயன்படுத்தியே ஓரளவு உரிமை சம்பாதிக்கலாம். சீனா போன்ற நாடுகளில் பதிவுப் புத்தகம்தான் பேசும். உங்கள் பெயரை உங்களுக்கு முன்பே வேறொருவர் பதிந்து வைத்துக் காத்திருப்பதும் நடக்கும். உங்கள் விற்பனை முகவரே உங்களைக் கேட்காமல் தன் பெயரில் பதிந்தால் அதை எதிர்க்க பாரிஸ் உடன்படிக்கையில் வழி இருக்கிறது. ஆனாலும் பதியாமல் விட்டுவிட்டுப் பிறகு மல்லுக்கட்டுவதைவிட முதலிலேயே பதிவது மலிவு. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, 34 பொருள்களுக்கு, 11 சேவைகளுக்கு. எதில் கேட்கிறீர்களோ அதில்தான் உரிமை. மொழிச் செயலிக்கு "எளிதாகப் பேசு" என்று பெயர் வைத்தால் பதிவாளர் முகம் சுளிப்பார்; பொருளை அப்படியே விவரிக்கும் சொல்லை ஒருவருக்கு எழுதிவைக்க மாட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே இல்லாமல். ஆனால் பயன்படுத்தாமல் சில ஆண்டுகள் போட்டுவைத்தால் ரத்தாகும்.

வணிக ரகசியத்துக்குப் பதிவேடே கிடையாது. டிரிப்ஸ் 39-வது பிரிவு மூன்றைக் கேட்கிறது: ரகசியமாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதால் மதிப்பு இருக்க வேண்டும், ரகசியமாக வைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். எல்லாரும் திறக்கும் பகிர்வுக் கோப்பில் போட்டுவைத்துவிட்டு "ரகசியம்" என்று நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. அதோடு, வேறொருவர் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

படி 5: மற்றவர் கையில் இருப்பதை எழுதி வாங்குங்கள்

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். சில துண்டுகள் உங்களிடம், சில நண்பரிடம், சில ஃப்ரீலான்சரிடம். சேர்க்க இரண்டு கருவிகள். உரிமை மாற்றம் என்றால் சொத்தே கைமாறுகிறது. உரிமம் என்றால் சொத்து அவரிடமே இருக்கும், பயன்படுத்தும் அனுமதி மட்டும் உங்களுக்கு. சின்னத்துக்கும் நிரலுக்கும் உரிமை மாற்றம் கேளுங்கள். பின்னணி இசைக்கு உரிமமே பெரும்பாலும் போதும், விலையும் குறையும்.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்தோடு. அதிலும் சொல் முக்கியம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தன் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு "ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு பயிற்சிக்காக ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனபோது, அங்கே வைத்த தாளில் "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்று இருந்தது. எச்.ஐ.வி. அளவைக் கண்டறியும் முறை உருவானது. அந்த நிறுவனத்தின் உரிமைகள் பின்னால் ரோஷ் நிறுவனத்துக்குப் போயின. முதல் வாக்கியம் நாளைக்குச் செய்வதாக ஒரு வாக்குறுதி; இரண்டாவது அப்போதே நடந்த கைமாற்றம். ரோஷ் மேல் வழக்குப் போட்ட பல்கலைக்கழகம் தோற்றது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது, முதலில் கண்டுபிடித்தவருக்கே என்று 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஒரு வினைச்சொல்லின் காலம் செய்த வேலை! உங்கள் ஒப்பந்தத்தில் "மாற்றித் தருவேன்" என்று இருந்தால் அடித்துவிட்டு "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்று எழுதுங்கள்.

காலமும் இடமும் எழுதுங்கள். இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை மாற்றத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிராதவரை, அது காலாவதியாகும். விற்கிறவர் எழுத்தாளராகவோ ஓவியராகவோ இருந்தால் இதே வரிகள் அவருக்குக் காவல்.

எல்லாவற்றையும் விற்றாலும் ஒன்று மிஞ்சும். படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் தார்மிக உரிமை, பொருளாதார உரிமையிலிருந்து தனியானது என்று பெர்ன் உடன்படிக்கை சொல்கிறது. சில நாடுகளில் அதை விட்டுக்கொடுத்து எழுதலாம், பிரான்ஸ் போன்ற நாடுகளில் முடியாது.

யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட திறந்த மூல நிரலை உங்கள் செயலியில் சேர்த்திருந்தால் அது உங்களுடையது ஆகாது. உரிமத்தின் நிபந்தனைப்படி பயன்படுத்தலாம், அவ்வளவே. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருநிரலில் பங்களித்த ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் வரிகளின் உரிமையைத் தாங்களே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அதன் உரிமத்தை மாற்றுவது நடைமுறையில் முடியாத காரியம்.

படி 6: எல்லை தாண்டுவதற்கு முன்

பதிவால் வரும் உரிமை பதிந்த நாட்டோடு நின்றுவிடும். "உலகக் காப்புரிமை" என்று ஒன்று இல்லை. விற்கிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. முதல் விண்ணப்பத்தின் தேதியை மற்ற உறுப்பு நாடுகளிலும் பிடித்துவைக்க பாரிஸ் உடன்படிக்கை அவகாசம் தருகிறது: காப்புரிமைக்கு 12 மாதம், வணிகச்சின்னத்துக்கும் வடிவமைப்புக்கும் 6 மாதம். இந்த நாளை நாட்காட்டியில் சிவப்பில் குறியுங்கள், தவறினால் திரும்பக் கிடைப்பது அரிது.

காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம் வழியாக ஒரே விண்ணப்பம் போட்டால், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் எங்கெங்கே தொடர்வது என்று முடிவெடுக்க முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம் கிடைக்கும். அது முடிவைத் தள்ளிப்போடும் வசதிதான். கடைசியில் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகத்தான் காசும் பரிசோதனையும். வணிகச்சின்னத்துக்கு, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதியக் கேட்கும் மாட்ரிட் முறை உண்டு. அதில் முதல் 5 ஆண்டுக்குள் உங்கள் சொந்த நாட்டின் அடிப்படைப் பதிவு விழுந்தால் மற்ற நாட்டுப் பதிவுகளும் அதோடு சேர்ந்து விழும்.

சரி, எல்லாம் வாங்கிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. அந்தத் தாளை அலமாரியில் வைத்துவிடாமல், பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றக் கொடுங்கள். அமெரிக்காவில் ஒரு காப்புரிமையை நீங்கள் வாங்கி, 3 மாதத்துக்குள்ளோ அடுத்தவர் வாங்குவதற்கு முன்போ பதியாமல் விட்டால், விஷயம் தெரியாமல் காசு கொடுத்து அதையே பிறகு வாங்கியவர்தான் உரிமையாளர். உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தை வைத்து விற்றவர் மேல் வழக்குப் போடலாம், அவரைக் கண்டுபிடிக்க முடிந்தால்.